தலைமாட்டுக் கள்ளி

கேட்டி, டெக்சஸ்
மே 2008

தம்பி,

இந்தக் கடிதத்தை ஒரு உறையில் போட்டு சன்னிவேலில் இருக்கும் உன் வீட்டுக்கே அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ பிரிப்பாயா என்பது வேறு விஷயம். ஆனால் இதை இங்குள்ள தமிழர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை போடும் ஆண்டு மலருக்குக் கொடுத்ததற்குக் காரணம் அதுவல்ல. உன் அம்மாவை அடக்கம் செய்த அன்று, நாற்பது பேர் பார்க்க, உன் கையிலிருந்த செடியைத் தட்டிவிட்டேன். அந்த நாற்பது பேரில் பாதிப் பேராவது இந்த மலரை வாங்குகிறவர்கள். ஊர் பார்க்கத் திட்டிவிட்டு மன்னிப்பை மட்டும் ஒட்டிய உறைக்குள் வைத்துக் கேட்பது யோக்கியமான வேலை இல்லை. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். உனக்கு வரப்போகிற பெண் சென்னையில் படித்து வளர்ந்தவள். அவளிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல். அவளுக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

கல்யாணப் பத்திரிகை மார்ச் மாதம் வந்தது. உறையின் மேல் 'மாமா அவர்களுக்கு' என்று அவள் தமிழில் எழுதியிருந்தாள். உள்ளே உன் பெயருக்குக் கீழே அம்மாவின் பெயரும் என் பெயரும் சரியாக இருந்தன. என் பெயரை விட்டிருப்பாய் என்று நினைத்துத்தான் பிரித்தேன். மாப்பிள்ளையின் அத்தா இல்லாமலும் நிக்காஹ் நடக்கும், அது எனக்குத் தெரியும். பெண்ணின் தகப்பனார்தான் வேண்டும். இரண்டு பெருநாளைக்கும் வாய்ஸ்மெயிலில் "ஈத் முபாரக், அத்தா" என்று மூன்று வார்த்தை வைத்ததைத் தவிர, இந்த இரண்டு வருஷத்தில் நீ என்னோடு பேசியதில்லை. பெற்றவன் நான், அவனே இறங்கி வரட்டும் என்று நானும் வீம்பாக இருந்தேன். அந்த வீம்பு எவ்வளவு கேவலமானது என்று தெரிய எனக்கு ஏப்ரல் வரை ஆகிவிட்டது.

நீ ஆஸ்டினில் காலேஜ் படித்த காலத்தில் உன்னைப் பார்க்க அம்மா தனியாகக் காரை எடுத்துக்கொண்டு வருவாள். ஃப்ரீவேயில் ஏறவே முதலில் பயந்தவள். பிறகு உன்னையும் ஏற்றிக்கொண்டு, இன்டர்நெட்டில் வழி பார்த்துப் பிரின்ட் எடுத்த காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, மேற்கே சுண்ணாம்புக்கல் மலைப் பக்கம் சுற்றுவாள். அப்படிப் போன இடத்தில் கார் டயர் பஞ்சரானது, பக்கத்துப் பண்ணைக்காரம்மா உதவிக்கு வந்தது, அவர் வேலிக்குள் பாறை இடுக்கில் அந்தப் பூவை இவள் பார்த்தது எல்லாம் போனில் கேட்ட கதைதான் எனக்கு. "செடி என் கட்டைவிரல் அளவுதாங்க இருக்கு. பூ கை அளவு இருக்கு. இது எப்பிடிங்க தாங்குது?" என்றாள். நான் டயருக்கு எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன். புதுக் கேட் போடுவதற்காகத் தோண்டிய இடத்தில் பெயர்ந்து கிடந்த செடி ஒன்றை அந்தப் பண்ணைக்காரம்மா காபி டப்பாவில் வைத்துக் கொடுத்தார். நம் வீட்டுச் சமையலறை ஜன்னலில் அது வந்து உட்கார்ந்தது. நான் பார்த்தது ஒரு சின்னக் கள்ளி. வெள்ளை முள் சீப்புப் பல் போல வரிசையாக அதன் மேல் படிந்திருந்தது. அவ்வளவுதான்.

அது வருஷத்துக்கு ஒரு முறை, வசந்தத்தில், இரண்டு மூன்று நாள் பூக்கும். வெயில் ஏறிய பிறகு விரியும், சாயங்காலம் மூடிக்கொள்ளும். நான் காலையில் ஆறரைக்குக் கிளம்பி இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவன். எண்ணெய்க் குழாயில் பற்றவைத்த இடம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மயிரிழை வெடிப்பைக்கூட விடமாட்டேன் என்று ஆபீசில் எனக்குப் பெயர். அவள் ஆபீசுக்கு போன் பண்ணுவாள்.

"பூத்திருக்குங்க. லஞ்சுக்கு வந்து பாத்துட்டுப் போங்களேன். பதினஞ்சு நிமிஷம்தான."

"மீட்டிங் இருக்கு. நாளைக்கு வர்றேன்."

"நாளைக்கு இருந்தா பாருங்க" என்று வைத்துவிடுவாள். கோபம்கூட இருக்காது குரலில். மூன்று வசந்தம் இப்படிப் போனது. ஒரு தடவை சனிக்கிழமையில் பார்த்தேன். பூ வாடிப் பிழிந்த துணியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "இதுக்குத்தான் இவ்வளவு பில்டப்பா?" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள்.

பிறகு கேன்சர் வந்தது. கீமோவுக்குக் கூட்டிக்கொண்டு போவது, மாத்திரை பிரித்து வைப்பது, இன்சூரன்ஸ்காரனோடு சண்டை போடுவது என்று நான் ஓடிய ஓட்டம் உனக்குத் தெரியும். அதில் குறை வைக்கவில்லை. ஆனால் ஒன்று உனக்குத் தெரியாது. அவள் எத்தனையோ தடவை என்னிடம் பேச வந்தாள். சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுக்காமல் உட்கார்ந்து, "ஏங்க, ஒண்ணு சொல்லணும். நான் போயிட்டா..." என்று ஆரம்பிப்பாள். நான் ஒரு தடவையும் அதற்கு மேல் விட்டதில்லை. "வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு? டாக்டரே நம்பிக்கையா இருக்கார், நீ என்ன?" என்று எழுந்துவிடுவேன். சில நாள் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பேன். அவளுக்குத் தைரியம் கொடுக்கிறேன் என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன், நானும் அப்படித்தான் நம்பினேன். பயந்தது நான். மயிரிழை வெடிப்பு பார்க்கிறவன், வீட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டேன். கடைசி இரண்டு மாதம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. தேறிவிட்டாள், மனசு மாறிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். அந்த ஏப்ரலில் நீ லீவு போட்டு வந்து, "சும்மா ஒரு டிரைவ்" என்று அவளைக் காரில் வெளியே கூட்டிக்கொண்டு போனபோதும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. தலைக்குக் கட்டிய பச்சை ஸ்கார்ஃபோடு அவள் காரில் ஏறியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஜூனில் அவள் போய்விட்டாள். அடக்கத்தன்று என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; உன் வருங்கால மனைவிக்காகச் சொல்கிறேன். மண் போட்டு முடித்து துஆ ஓதியாகிவிட்டது. நம் சொந்த ஊரான கம்பத்தில் கபரின் தலைமாட்டில் ஒரு பச்சைக் கொப்பு நடுவது வழக்கம். தெரிந்தவர் வீட்டுக் கொல்லையிலிருந்து மருதாணிக் கொப்பு ஒடித்து வந்திருந்தேன். அதை நட நான் குனிந்த நேரத்தில் நீ என் பக்கத்தில் வந்து மண்டியிட்டு, காபி டப்பாவிலிருந்து அந்தக் கள்ளியை வேரோடு எடுத்தாய்.

"என்னடா இது?"

"இதை இங்க வைக்கணும், அத்தா. மாம் வான்டட்..."

"வாயை மூடு. உங்கம்மா கபுருல கள்ளி மொளைக்கணுமா? பெத்த புள்ள செய்ற வேலையாடா இது?"

தட்டிவிட்டேன். செடி மண்மேட்டில் விழுந்து உருண்டு, யாரோ ஒருவர் செருப்புக் காலடியில் நின்றது. நீ அதை எடுக்கக் குனியவில்லை, நானும் எடுக்கவில்லை. முள் குத்திய உன் உள்ளங்கையை ஒரு முறை பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். பிறகு காருக்கு நடந்தாய். அந்த வாரமே கலிஃபோர்னியா கிளம்பிவிட்டாய்.

எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று நாலு வயசில் அமெரிக்கா வந்த உனக்குப் புரிந்திருக்காது. எங்கள் ஊர் மையவாடியில் கேட்க நாதியில்லாத கபரில்தான் கள்ளி மண்டியிருக்கும். ஓதவோ களை பிடுங்கவோ வாரிசு வராத கபர். யாரையாவது நெஞ்சு எரியத் திட்ட வேண்டும் என்றால் எங்கள் தெருவில், "உன் கபுருல கள்ளி மொளைக்க" என்பார்கள். பெற்ற பிள்ளையே, அம்மாவின் கபரில், ஜமாஅத் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கையால் கள்ளி வைக்கிறான். ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் அங்கே நின்றிருந்தார்கள். அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதுதான் எனக்குப் பட்டது. உனக்கு அது கள்ளி இல்லை, அம்மாவின் பூச்செடி. ஒரே செடிதான், நீ பார்த்ததை நான் பார்க்கவில்லை, நான் பார்த்ததை நீ பார்க்க வழியில்லை. ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம், உன்னை முடிக்க விட்டிருந்தால் போதும்.

அதோடு நின்றேனா என்றால் இல்லை. நான் செய்தது சரிதான் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் போலிருந்தது. மையவாடிக் கமிட்டியில் நானும் ஒரு மெம்பர். கபர் மேல் புல் தவிர வேறு செடி எதுவும் வைக்கக்கூடாது, புல் வெட்டும் மெஷினுக்கு இடைஞ்சல் என்று ஒரு ரூல் எழுதி, நானே டைப் பண்ணி, நானே முதல் கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனிடம் யார் வாதாடப் போகிறார்கள்?

பத்திரிகை வந்த பிறகு, மருமகளுக்குக் கட்ட வேண்டும் என்று அம்மா எடுத்து வைத்திருந்த கருகமணியைத் தேடினேன். அலமாரியில் இல்லை. கராஜில் அவள் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, மூலையில் பழைய அரிசிப் பை ஒன்று கனமாக இருந்தது. அவிழ்த்தால் முழுக்கச் சரளைக்கல். பையின் மேல் மார்க்கரில் அவள் கையெழுத்தில், 'தூக்கிப் போட்டுடாதீங்க' என்று எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கராஜில் உள்ளதையெல்லாம் குப்பையில் போடும் என் புத்தி தெரிந்து எனக்கு எழுதியது. பைக்குள் அந்தப் பண்ணைக்கு வழி பிரின்ட் எடுத்த காகிதமும் இருந்தது. கல்லை எதற்கு இவ்வளவு தூரம் சுமந்து வந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காமல் இருக்கவும் முடியவில்லை. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பண்ணைக்காரம்மாவுக்கு எழுபது வயசுக்கு மேல் இருக்கும். நான் யார் என்று சொன்னதும், "பச்சை ஸ்கார்ஃப் கட்டியவள்" என்றார். இறந்துவிட்டாள் என்றேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "செடி பிழைத்ததா?"

எனக்குப் புரியவில்லை. அவர்தான் சொன்னார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். அந்த ஏப்ரலில் அம்மாவும் நீயும் வந்தபோது அம்மா அவரிடம், "என் தலைமாட்டில் வைத்தால் இது பிழைக்குமா?" என்று கேட்டிருக்கிறாள். நம் வீடு இருக்கும் ஹூஸ்டன் பக்கம் களிமண், தண்ணீர் நின்று வேர் அழுகிவிடும், பாதிக்குப் பாதி கல் கலந்தால் பிழைக்கலாம் என்று இவர் சொல்லியிருக்கிறார். அவளே ஓடைக்கரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்க, சரளை பொறுக்கிப் பையில் போட்டிருக்கிறாள். "என் கணவர் இதைக் களை என்று பிடுங்கிவிடுவார். என் மகனிடம் சொல்லியிருக்கிறேன்" என்று சிரித்தாளாம். நீ அந்த வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தாயாம். கம்பத்தைக்கூடக் காட்டினார்.

'செடி பிழைத்ததா' என்ற கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "பிழைக்கவில்லை. களிமண்" என்றேன். அந்த அம்மா, "இன்னும் கொஞ்சம் கல் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும், என் தப்பு" என்று வருத்தப்பட்டார். நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த வயசில், அவள் கல் பொறுக்கிய இடத்தில் நின்றுகொண்டு, பழியை மண் மேல் போட்டேன். அவருக்கும் உண்மையை எழுதி அனுப்பிவிட்டேன், நேற்று.

பிறகு அவர் என்னைப் பாறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மத்தியானம் பன்னிரண்டரை. பூத்திருந்தது. அவள் போனில் சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை. ஊதாவும் ரோஜாவும் கலந்த நிறம். அடியில் வெளுத்து, நடுவில் பச்சையாக ஒரு முடிச்சு. செடி என் கட்டைவிரலைத் தாண்டவில்லை. பக்கத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன், பூ என் உள்ளங்கையை மறைத்தது. மண் என்று சொல்ல ஒன்றும் இல்லை, கல் இடுக்கு. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. ஆபீசிலிருந்து பதினஞ்சு நிமிஷத் தூரத்தில், என் வீட்டு ஜன்னலில், இது மூன்று வருஷம் பூத்திருக்கிறது என்ற கோபம்தான் வந்தது. நாலரை மணிக்கு இதழ் ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தது. முழுக்க மூடும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகுதான் அழுதேன். அந்த அம்மா ஒரு செடி தருகிறேன் என்றார். வாங்கிக்கொள்ள எனக்கு முகம் இல்லை; என் மகன் வந்து வாங்குவான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கேட்டிக்குத் திரும்பியதும் மையவாடிக் கமிட்டி செக்ரட்டரியிடம் போனேன். உன்னைச் சின்ன வயசிலிருந்து தெரிந்த அங்கிள்தான். ஒரே ஒரு செடி, தலைமாட்டில், கல் போட்டு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன்.

"பாய், ரூல் நீங்க டைப் பண்ணதுதான" என்றார். "போன மாசம் ஒருத்தர் வந்தார். அஞ்சு வயசுக் குழந்தையை அடக்கம் பண்ணவர் பாய். ஒரு ரோஜாச் செடி வைக்கணும்னு அழுதார். உங்க பேப்பரைக் காட்டித்தான் அனுப்பினேன். இப்ப உங்களுக்கு மட்டும் எப்பிடி விடுறது?"

அவர் சொன்னது நியாயம். ரூலை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். எடுப்பார்களா தெரியாது. எடுத்தாலும், இரண்டு வருஷமாக அவள் கேட்ட ஒன்று இல்லாமல் அங்கே கிடந்தாளே, அதை யார் எடுப்பது? மவுத்தானவர்கள் சொல்லிவிட்டுப் போன வசியத்தை நிறைவேற்றுவது எவ்வளவு பெரிய கடமை என்று வெள்ளிக்கிழமை தோறும் பயான் கேட்கிறவன் நான். என் பெண்டாட்டியின் கடைசி ஆசையை, இன்னொருவன் நிறைவேற்ற வந்தபோது, அவன் கையிலிருந்து தட்டிவிட்டிருக்கிறேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனால் கல்யாணம் ஆகப்போகிறவனிடம் இதைச் சொல்லாமல் விட்டால் இன்னொரு தப்பு. உன் பெண்டாட்டி பேச உட்கார்ந்தால் நீயும் உட்கார். அவள் சொல்லப்போவது சாவைப் பற்றியாக இருந்தாலும் சரி, நீ கேட்டால் அவள் செத்துவிட மாட்டாள். கேட்காவிட்டால் அவள் வேறு ஆளைத் தேடிக்கொண்டு போய்ச் சொல்வாள். உன் அம்மாவுக்கு நீ கிடைத்தாய். மத்தியானம் வா என்றால் வேலையைப் போட்டுவிட்டுப் போ. காரணம் கேட்காதே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் பயந்துதான் அன்று கத்தினேன் என்று மேலே எழுதினேன். அது பாதிதான். "மாம் வான்டட்" என்று நீ சொன்ன நொடியிலேயே எனக்குள் ஏதோ சுருக்கென்றது. அவளுக்கு என்ன வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு அது நாற்பது பேர் முன்னால் தெரியவந்துவிடும் என்றுதான் உன் வாயை அடைத்தேன். நான் பொறாமைப்பட்டது பெற்ற பிள்ளை மேல்.

நிக்காஹ் அன்று என்னை முன்னால் உட்கார வைக்க வேண்டும் என்று கேட்கவில்லை. செருப்புக் கழற்றி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போதும், அதுவும் நீ சரி என்றால். அதற்கு முன்னால் ஒரு நாள், நீ சொல்லும் நாளில், சன்னிவேலுக்கு வருகிறேன். அம்மா உன்னிடம் சொன்னதையெல்லாம் எனக்குச் சொல். அந்தச் செடியைப் பற்றி மட்டும் இல்லை. அவளுக்கு எதற்குப் பயமாக இருந்தது, என்ன சாப்பிட ஆசைப்பட்டாள், என்னைப் பற்றி என்ன சொன்னாள், எல்லாம். திட்டியிருந்தால் அந்தத் திட்டையும் சொல். என் பெண்டாட்டி யார் என்று எனக்குச் சொல்ல இனி உன்னை விட்டால் ஆள் இல்லை, தம்பி. நீ இங்கிலீஷில் சொன்னாலும் சரி, கோபத்தில் சொன்னாலும் சரி, நான் குறுக்கே பேச மாட்டேன்.

அத்தா